மொட்டை மாடி சோலார் எல்லாருக்கும் லாபமா?

ஆசிரியருக்கு,

வீட்டுக்கு வீடு சோலார் போடுங்கள் என்கிறார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். 3 கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் ஆகிறது, அதில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் வரும், மீதி நம் கைக்காசு. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் கிடைக்கும், ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் ஜூன், ஜூலையில் வானம் வெளுப்பதே அபூர்வம், அது போக பக்கத்து விளையின் தென்னை ஓலை நிழல் வேறு பேனலில் விழுந்து கிடக்கும்! இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, சில நூறு ரூபாய் மட்டும் கட்டுகிற வீட்டுக்கு இது எப்போது கட்டுப்படியாகும்? ஏசி ஓடுகிற வீடுகளுக்கு லாபம்தான், மறுக்கவில்லை.

மழைமேகம் மூடும் அதே மாதங்களில்தான் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. முப்பந்தலில் நிற்கும் பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டு உயரமான புதியவற்றை நிறுத்தினால் அதே நிலத்தில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம். மானியப் பணத்தில் ஒரு பங்கை அதற்கும், மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கினால் என்ன?

ஒரு வாசகர்,
தக்கலை