பன்றியைச் சுட ஒரு கிலோமீட்டர் தூரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுப்பன்றித் தொல்லை பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில நாட்களுக்கு முன் ஒரு கடிதம் வந்திருந்தது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற தொலைதூர ரைபிள்களை நம் வனத்துறைக்கு வாங்கிக் கொடுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றே பன்றிகளை ஒழித்துக்கட்டிவிடலாம் என்று அதில் ஒரு விவசாயி எழுதியிருந்தார். மரவள்ளிக் காட்டை ஒரே ராத்திரியில் உழுது போட்டதுபோல் ஆக்கிவிட்டுப் போகும் பன்றியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கோபம் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி, பன்றியைவிட மனிதர்களுக்குத்தான் ஆபத்து.

நான் காலாட்படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். மத்தியப் பிரதேசத்தில் மௌ என்ற ஊரில் உள்ள காலாட்படைப் பள்ளியில் ஸ்னைப்பர் பயிற்சி, அதாவது மறைந்திருந்து தூரத்துக் குறியைச் சுடும் பயிற்சி, எடுத்தேன். பிறகு பல வருஷம் பட்டாலியன் பையன்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்துக்கொண்டு காலம் போகிறது. பன்றி என் தோட்டத்துக்கும் வரும். ஆகவே இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த அன்பர் பார்த்த வீடியோக்களை நானும் வாட்ஸ்அப்பில் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் மொன்டானா, வயோமிங் மாதிரி இடங்களில் மரமே இல்லாத புல்வெளி. இந்த மேட்டில் ஒருவர் படுத்திருப்பார், எதிர் மேட்டில் மான் மேயும். லேசர் கருவி தூரத்தைச் சொல்லும், கைக்கு அடக்கமான இன்னொரு கருவி காற்றின் வேகத்தைச் சொல்லும், கணக்குப் போட்டு ஸ்கோப்பில் (ரைபிள் மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியில்) எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று ஒரு செயலி சொல்லும். விசையை அழுத்துவார், மான் விழும். பார்க்க அவ்வளவு சுலபம். விழாத மான்களை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை.

தூரச் சுடுதலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் இப்படி யோசனைகள் கிளம்புகின்றன. குழலை விட்டு வெளியே வந்த நொடியே குண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது. வெளிநாட்டில் மான் வேட்டைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டருக்குச் சரியாக ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் வைத்த குறியிலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்திய, ரைபிளில் 500 மீட்டர் தள்ளிச் சுட்டால் குண்டு ஆறடியை ஒட்டிக் கீழே இறங்கியிருக்கும். ஆயிரம் கெஜத்தில் முப்பதடிக்கும் மேல். சரி, இறக்கத்தைக் கணக்குப் போட்டு ஸ்கோப்பில் ஏற்றிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் 500 மீட்டர் என்று நினைத்தது 550 ஆக இருந்துவிட்டால் குண்டு சுமார் ஓரடி தாழ்ந்து போய்விடும். பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சும் நுரையீரலும் இருக்கும் இடத்தின் அகலமே அரையடிதான்.

நாங்கள் பயன்படுத்திய டிராகுனோவ் ரைபிளின் ஸ்கோப்பில் தூரம் அளக்க ஒரு கோடு உண்டு. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளை வைத்துப் போட்ட அளவு அது. பன்றியோ தோள் வரை ஒரு மீட்டர்கூட வராது. போர்க்களத்துக்கு என்று செய்த சாமானைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

லேசர் கருவி இருந்தால் தூரத்துக்கு ஒரு வழி கிடைத்துவிடும். காற்றுக்கு அதுவும் கிடையாது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 500 மீட்டரில் அதே குண்டை ஒன்றரை அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். இலையும் சின்னக் கொப்பும் ஆடுகிற காற்றுதான் அது, புயல் ஒன்றும் இல்லை. கையில் இருக்கும் கருவி நாம் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும். நடுவில் இருக்கும் பள்ளத்தில் காற்று எப்படி, எதிர்ச் சரிவில் எப்படி? சேர்வராயன் மலையில் வெயில் ஏறினால் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும், பொழுது சாய்ந்தால் அதே காற்று கீழே இறங்கும். ஒரே சரிவில் இங்கே புல் இடப்பக்கம் சாயும், நூறடி தள்ளி வலப்பக்கம் சாயும். இதைக் கண்ணால் படிப்பதுதான் ஸ்னைப்பர் பயிற்சியில் பாதி. கானல் ஓடும் திசை, புல்லின் சாய்வு, புகை, தூசி எல்லாம் பார்க்க வேண்டும். நல்ல பையனுக்கே வருஷக்கணக்கில் பழகினால்தான் கைகூடும். செயலி அதைச் செய்துவிடும் என்று நம்புவது பேராசை.

மலைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. மேலேயிருந்து கீழே சுட்டாலும் சரி, கீழேயிருந்து மேலே சுட்டாலும் சரி, பூமியின் இழுப்பு கிடைமட்டத் தூரத்துக்குத்தான் கணக்காகும். 45 பாகை சரிவில் 400 மீட்டர் என்று லேசர் காட்டினால், குண்டுக்கு அது 283 மீட்டர்தான். இது தெரியாதவர் சுட்டால் குண்டு முதுகுக்கு மேலே பறந்துவிடும். உயரமும் கணக்கில் வரும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுகிறது. கிட்டத்தில் சுடுவதற்கு இது பொருட்டில்லை. தூரத்துக்குப் போட்டுவைத்த அட்டவணை மட்டும் மாறிப்போகும்.

எல்லாம் சரியாகவே போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு முக்கால் விநாடியாவது ஆகும். அந்த நேரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் பன்றி சும்மா ஓர் எட்டு வைத்தாலே போதும், நெஞ்சுக்கு என்று வைத்த குறி குடலில் போய் விழும். அது எந்தச் செயலியின் தப்பும் இல்லை. குடலில் அடிபட்ட பன்றி அங்கேயே சாகாது. புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், காலையில் காப்பி பறிக்கப் போகிறவர் மேல்தான் பாயும். அமெரிக்காவிலேயே இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்று அங்கே ஒரு பழைய வேட்டைச் சங்கம் உண்டு. மிருகத்துக்கு நம்மை உணரும் வாய்ப்பே இல்லாத தூரத்திலிருந்து சுடுவது முறையான வேட்டை ஆகாது என்பது அவர்கள் நிலை. ஐடஹோ மாநிலத்தில் 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ரைபிளைப் பெரிய மிருக வேட்டைக்குக் கொண்டுபோகவே கூடாது. ரைபிளில் மின்னணுக் கருவி பொருத்தவும் தடை உண்டு. நம்மவர் மயங்குகிற சாமான்களில் பாதி அங்கேயே செல்லாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வேட்டை உரிமம் என்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் 1991 திருத்தத்துக்கும் பிறகு நம் நாட்டில் கிடையாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு தனி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் மலையில் தோட்டங்களில் பலவும் காட்டை ஒட்டியே கிடக்கின்றன. ஆகவே சுடுவது என்று வந்தால் பெரும்பாலும் கீழேதான் நடக்கும். ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியில், வீடும் மோட்டார் ரூமும் மாட்டுக் கொட்டகையும் நெருங்கிக் கிடக்கிற இடத்தில்.

.308 போன்ற ரைபிளில் குழல் மேல்நோக்கி இருக்கும்போது வெடித்துவிட்டால் குண்டு நாலு கிலோமீட்டர் வரை போகும். அரசு விட்டிருக்கும் இடைவெளியே மூன்று கிலோமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். பன்றி வருவது ராத்திரியில். அதே ராத்திரியில்தான் மும்முனை கரண்ட் வந்தது என்று மடை மாற்றக் கையில் டார்ச்சோடு ஆட்கள் வயலில் நிற்பார்கள். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பகலிலேயே 500 மீட்டருக்கு அப்பால் சரியாகத் தெரியாது, இருட்டில் கேட்கவே வேண்டாம். வெப்பத்தைக் காட்டும் கேமராவில் பன்றியும் தெரியும், மனிதனும் தெரிவான், மண்கரைக்குப் பின்னால் தூங்குகிறவன் மட்டும் தெரியமாட்டான். போதாததற்குச் சேர்வராயன் மலையும் அடிவாரமும் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. குண்டு அதில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூரத்திலிருந்து சுட வேண்டிய அவசியமாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆளுயரச் சோளத்தட்டுக்குள்ளும் மரவள்ளிக்குள்ளும் நுழைந்த பன்றி நாற்பது மீட்டரிலேயே மறைந்துபோகும். காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், இன்னும் மோசம். ஆயிரம் மீட்டர் ரைபிளை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது?

பழைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில், வேட்டைக் கதைகள் எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளோடு அலைந்தவர். ஆட்கொல்லிகளுக்காக அவர் காத்திருந்ததெல்லாம் பரணிலும் பாறை மறைவிலும், சில கெஜ தூரத்தில். எங்கள் ஊர் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் இந்த ஒரு கிலோமீட்டர் கதையைச் சொன்னேன். "ஏன் மிலிட்டரி, அவ்வளவு தூரத்துலேர்ந்து சுட்டா பன்னி செத்துச்சா இல்லையான்னு யாரு போய்ப் பாக்கறது?" என்றார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு கூர்மை. காற்று பன்றியிடமிருந்து நம் பக்கம் வரும்படி உட்கார்ந்தால் அது கிட்டவே வரும். காற்று திரும்பிவிட்டால் அன்றைக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் மௌவில் காற்றைப் பற்றிப் படித்ததெல்லாம் வேறு காரணத்துக்காக. பன்றி விஷயத்தில் அவர் சொல்லும் காரணம்தான் சரி.

ஆகவே என் யோசனை இது. பன்றி வரும் தடத்தில், காற்று பார்த்து, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் பரண் கட்ட வேண்டும். மேலேயிருந்து கீழே சுடும்போது, தவறினாலும் குண்டு மண்ணை நோக்கித்தான் போகும். பரண் எங்கே, எந்தத் திசையில் மட்டும் சுடலாம் என்பதைப் பகலிலேயே பார்த்துக் குச்சி நட்டு வைக்க வேண்டும். தூரம் அறுபது மீட்டரைத் தாண்டக் கூடாது. முப்பது மீட்டருக்குள் என்றால் 12 போர் ரவைத் துப்பாக்கியும் பெரிய ரவைகள் அடைத்த எஸ்.ஜி. தோட்டாவும் போதும், அந்த ரவைகள் ரைபிள் குண்டுபோல் கிலோமீட்டர் கணக்கில் பறக்காது. அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கம் யாரும் மடை மாற்றப் போக வேண்டாம் என்று மாலையிலேயே ஊருக்குள் அறிவித்துவிட வேண்டும். கேரளத்தில் 2022-லிருந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிடலாம், உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்கள் போய்ச் சுடுகிறார்கள். அவர்கள் அனுபவத்தை நம் அதிகாரிகள் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

தொலைதூரச் சுடுதலை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைப்போல் பொறுமையும் கணக்கும் மூச்சடக்கமும் வேண்டிய விளையாட்டு வேறு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இளைஞர்கள் ரேஞ்சுக்குப் போய் இரும்புத் தகட்டைச் சுட்டுப் பழகட்டும். தவறினால் தகட்டுக்கு வலிக்காது, பின்னால் மண்மேடு இருக்கும்.

சேலம் மாவட்ட வன அலுவலருக்குத் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு வேண்டுகோள். பன்றி சுடப்போகும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, பரணிலிருந்து இருட்டில், அறுபது மீட்டருக்குள் அரையடிக் குறியில் ஐந்துக்கு ஐந்து அடிக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே துப்பாக்கியைக் கொடுங்கள். ஓய்வு பெற்ற ராணுவ ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் என்னைப்போல் பலர் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளம் இல்லாமலே வந்து சொல்லித் தருவோம். ஜீப் மட்டும் அனுப்பினால் போதும், இந்த வயதில் வாழவந்தியிலிருந்து பஸ் பிடித்துச் சேலம் இறங்குவது கஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார்,
வாழவந்தி, ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.