ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும் தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி என்று பேச்செடுத்தால் மும்மொழி, நீட், பொதுத்தேர்வு ஆகிய மூன்றையே விவாதங்கள் சுற்றி வருகின்றன. 2025 ஆகஸ்டு 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோதும் இருமொழிக் கொள்கையும் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கமுமே தலைப்புச் செய்திகளாயின. அவை முக்கியமானவைதாம். ஆனால் ஐந்து வகுப்புகளும் இரண்டே ஆசிரியர்களும் கொண்ட கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு அந்த விவாதங்கள் வந்து சேர இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கு முன் அக்குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கடன் வாங்கிக் கழிக்கவும் கற்க வேண்டும். அதைக் கற்றுத்தர வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று வகுத்திருக்கிறது. தலைமையாசிரியர் என்று தனியாக ஒருவர் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் உண்டு. ஆகவே சிறிய பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பெடுக்கும் இருவரில் ஒருவரே. இந்த அட்டவணை குழந்தைகளின் தலைகளை எண்ணுகிறதே தவிர வகுப்புகளை எண்ணுவதில்லை. நாற்பது குழந்தைகள் ஒரே வகுப்பில் இருந்தால் ஓர் ஆசிரியரால் சமாளிக்க முடியும். அதே நாற்பது பேர் ஐந்து வகுப்புகளில் பிரிந்திருந்தால் கணக்கே வேறு. நம் பாடத்திட்டப்படி ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியலுக்குப் பதிலாக அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து ஐந்து பாடங்கள். கூட்டினால் இருபத்து மூன்று பாடங்கள், இரண்டு ஆசிரியர்கள். இதற்கு மேல் பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு; அங்கே ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரு குழந்தைகளின் கையில் ஒரே பாடம் இரண்டு மொழிகளில் இருக்கிறது. சட்டம் சொன்னது குறைந்தபட்ச அளவு. மாநில அரசு அதற்கு மேல் கொடுப்பதை அது எங்கும் தடுக்கவில்லை. ஆனால் பணியிட நிர்ணயத்தின்போது அந்தக் குறைந்தபட்சமே உச்சவரம்பாகிவிடுகிறது.

பல வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக் கற்பிப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை அடியொற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாட அட்டைகளையும், கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப் படங்களையும் கொண்டு இதைத்தான் செய்ய முயன்றது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கிறது. வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்க்கும் இந்த அணுகுமுறை சரியானது என்பதே என் மதிப்பீடு. ஆனால் இத்தகைய முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை உண்டு. ஆசிரியர் நாள் முழுதும் அறைக்குள், குழந்தைகளுக்கு நடுவில், கை ஓய்வாக இருக்க வேண்டும். அரும்பு நிலையில் உள்ள குழந்தையை ஐந்து நிமிடம் தனியே விட்டாலும் அது பென்சிலைச் சீவப் போய்விடும்.

நடப்பது என்ன? காலை உணவு முடிந்து வழிபாட்டுக் கூட்டம் கலைந்ததும் வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். அதன் பின் எமிஸ் என்ற பள்ளித் தகவல் பதிவுத் தளத்தில் ஏதேனும் ஒன்று காத்திருக்கும்: சீருடை வாங்கிய மாணவர் விவரம், ஆதார் விடுபட்டோர் விவரம், வங்கிக் கணக்கு, உடல்நலப் பரிசோதனை, கழிப்பறையின் நிலை. இடையில் வாட்ஸ்அப் குழுவில் ‘மிக அவசரம்’ என்ற குறிப்போடு ஒரு படிவம் வந்து, பிற்பகல் இரண்டு மணிக்குள் நிரப்பக் கோரும். மதிப்பீட்டு நாள் என்றால் இன்னும் சிக்கல். ஆசிரியர் தம் கைப்பேசியை மேசையில் வைத்து ஒவ்வொரு குழந்தையாக அழைத்து விடையைத் தொடச் சொல்வதையும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க அந்தக் குழந்தை விரலைத் தூக்கியபடி நிற்பதையும், பின்னால் மற்ற இரு வகுப்புகளும் சந்தைக்கடையாக இரைவதையும் நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்று அறிவதற்கான அந்த நேரம், குழந்தைக்குக் கற்றுத் தருவதற்கான நேரத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. பெரிய பள்ளியில் இந்த வேலைகள் பத்துப் பேரிடையே பகிரப்படும். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் எமிஸில் உட்கார்ந்தால் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடுகிறது. மற்றவர் அருகிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்துக்குப் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றிருந்தால், ஆசிரியரே இல்லாத பள்ளியாகிவிடுகிறது.

தேர்தல் பணிகளையும் இங்கே சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் வீடுவீடாகப் படிவங்களோடு அலைந்தார்கள். சட்டம் அனுமதிக்கும் பணி என்பதால் மறுக்க முடியாது, உண்மைதான். ஆனால் யாரை அனுப்புவது என்பதில் தெரிவு இருக்கிறது. இருவரே உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை எடுப்பதும் இருபது பேர் உள்ள மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒருவரை எடுப்பதும் ஒன்றல்ல என்பதை மாவட்ட நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லும் கடமை கல்வித் துறையுடையது.

இந்தப் பற்றாக்குறை எப்படித் தானே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது என்பதைத் துறை போதுமான அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெற்றோர் கணக்கில் சரியானவர்கள். ஒரே அறையில் மூன்று வகுப்புகள், ஒரே ஆசிரியர் என்பதை ஒரு தாய் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும்; அடுத்த ஆண்டு கடன் வாங்கியேனும் குழந்தையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். அந்தக் குழந்தை போனதும் ஆகஸ்டு 1 நிலவரப்படி எடுக்கப்படும் மாணவர் எண்ணிக்கை 60-க்கும் கீழே இறங்குகிறது. மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிறார். உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போகிறார். மீதமிருக்கும் இருவருக்கும் சுமை கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்த தாய் முடிவெடுக்கிறார். சேர்க்கை குறைந்ததால் ஆசிரியர் குறைந்தார் என்று கோப்பில் எழுதப்படுகிறது. ஆசிரியர் குறைந்ததால் சேர்க்கை குறைந்தது என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. வீடுவீடாகச் சென்று சேர்க்கைப் பேரணி நடத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேளம் கொட்டி அழைத்து வந்த குழந்தையை எந்த ஆசிரியரிடம் உட்கார வைப்பது?

வேன் மூன்று வயதிலேயே வந்து நிற்கிறது என்பது இதன் இன்னொரு பகுதி. 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. 2022-இல் அவை கைவிடப்படும் நிலைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பின் மீண்டும் தொடர்ந்தன. 2023 ஆகஸ்டு 25 அன்று காலை உணவுத் திட்டம் விரிந்தபோது அது 31,008 பள்ளிகளைத் தொட்டது. உணவை 31,008 பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல முடிந்த அரசால் மழலையர் வகுப்பை 2,381 என்ற எண்ணைத் தாண்டிக் கொண்டுசெல்ல முடியாதா? ஐந்து வயதுக் குழந்தைக்காக நாம் கதவைத் திறக்கும்போது, அந்தக் குழந்தை தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகளை முடித்திருக்கிறது.

நிதி இல்லை என்ற பதில் வரும் என்று அறிவேன். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது அநீதி. அதில் மாநில அரசின் நிலைப்பாட்டை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மூன்றாவது ஆசிரியர் என்பது அந்த நிதிக்குக் காத்திருக்க வேண்டிய பொருள் அன்று. தற்காலிகத் தொகுப்பூதியமும் விடையாகாது. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவிக்கப்பட்ட மாத ஊதியம் 7,500 ரூபாய். பட்டயப் படிப்பும் தகுதித் தேர்வும் முடித்த ஒருவரை அந்த ஊதியத்தில் நிலைத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.

இன்னொரு பதில், சிறிய பள்ளிகளை இணைத்துவிடலாம் என்பது. சேர்க்கையே இல்லாத சில பள்ளிகள் 2019-இல் நூலகங்களாக மாற்றப்பட்டன. அங்கே குழந்தைகள் இல்லாததால் அதில் குறை காண முடியாது. ஆனால் முப்பது குழந்தைகள் உள்ள பள்ளியை மூடி அடுத்த ஊருக்கு அனுப்பினால், முதலில் படிப்பை நிறுத்துவது பெண் குழந்தைகளும், காலையில் வேலைக்குப் போய்விடும் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளும்தாம். நெடுஞ்சாலையைக் கடந்து போகும் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் தெரிவதைவிட நீளமானது.

எனவே நான் கோருவது இதுதான். ஐந்து வகுப்புகளும் இயங்கும், முப்பதும் அதற்கு மேலும் குழந்தைகள் உள்ள ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர் என்று பணியிட நிர்ணய விதி திருத்தப்பட வேண்டும். மூன்றாமவர் வந்தால் ஒன்றாம் வகுப்புக்காவது தனி ஆசிரியர் கிடைப்பார். எழுத்தறிவின் பெரும்பகுதி அந்த ஓராண்டில்தான் நடக்கிறது. முப்பதுக்கும் குறைவான பள்ளிகளுக்காகக் குறுவள மையம் தோறும் மாற்று ஆசிரியர் ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். விடுப்பு, பயிற்சி, தேர்தல் பணி எதுவானாலும் அவர் அன்று அந்தப் பள்ளியில் இருப்பார். அவர் வரும்வரை வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களை அனுப்பலாம். பயிற்சி தருபவர்கள் ஐந்து வகுப்புகளையும் ஒரு நாள் முழுதும் தனியே எடுத்துப் பார்ப்பது பயிற்சிக்கும் நல்லது. ஈராசிரியர் பள்ளிகளில் வருகைப்பதிவைத் தவிர எந்தச் செயலிப் பதிவும் பாடவேளையில் கேட்கப்படக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிடுங்கள். வாய்மொழி உத்தரவு வட்டாரக் கல்வி அலுவலகத்தைத் தாண்டி வருவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் ஒன்று. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022 மறுகட்டமைப்புக்குப் பின் பல ஊர்களில் தாய்மார்கள் தலைவர்களாக இருந்து, வேலை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் நிறைவேற்றும் தீர்மானங்களில் திரும்பத் திரும்ப வருவது ஆசிரியர் கேட்கும் தீர்மானம். தீர்மானம் செயலியில் ஏறுகிறது, பதில் இறங்குவதில்லை. ஆசிரியர் பணியிடம் கோரும் தீர்மானத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர் முப்பது நாள்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்ற விதி இருந்தால், ‘இல்லை’ என்ற பதிலானாலும் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் போக முடியும்.

அடுத்த ஆகஸ்டு 1 கணக்கெடுப்புக்குப் பின் பணி நிரவல் பட்டியல் வழக்கம்போல் தயாராகும். புதிய விதிக்கான அரசாணை அதற்கு முன் வர இயலாவிட்டால், ஈராசிரியர் பள்ளிகளையும், மூவர் இருந்து இருவராகக் குறையவிருக்கும் பள்ளிகளையும் இந்த ஓராண்டுக்கு அப்பட்டியலிலிருந்து விலக்கி வைக்கும்படியேனும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் புதிய நிதி தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்