எந்திரனைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் நடந்து போய்விட்டு வருகிறார்.

ஹைதராபாத்தில் ரோபோ படம் ஒன்றுக்கு கிராபிக்ஸ் வேலை வந்திருப்பதாகச் சொன்னாய். ‘நம்ம தியேட்டர் கேன்டீன் இருந்தப்ப எந்திரன் ஓடுச்சே, ஜனங்க என்னம்மா பேசிக்கிட்டாங்க?’ என்று கேட்டாய். போனில் அரைகுறையாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், சண்டைக் காட்சியை மட்டும்தான் பார்த்திருப்பாய். நான் டீ ஆற்றிக்கொண்டே எல்லார் பேச்சையும் கேட்டவள்.

படம் வெளியானது 2010 அக்டோபர் 1. கோவில்பட்டியில் அன்றைக்கு விடியும் முன்பே வேட்டுச் சத்தம். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம், மாலை, தாரை தப்பட்டை என்று தெருவே அடைத்துப் போனது. இந்தியாவிலேயே அதுவரை இவ்வளவு செலவில் படம் வந்ததில்லை என்று பத்திரிகை எல்லாம் எழுதின. அதனால் முதல் வாரம் வந்த கூட்டத்தின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தலைவர் ரஜினி வந்தாலே போதும். விசிலும் கைதட்டலும் அவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே கூட எடுத்துக்கொண்டு வந்தவை. பத்து நாள் கழித்துப் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள் பார், அவர்கள் பேச்சுதான் உனக்கு உதவும்.

படம் விட்டதும் சமோசா தட்டைச் சுற்றி நின்றுகொண்டு எல்லாரும் பேசியது கொசுவைப் பற்றி! கதாநாயகி சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் போய், கொசுக்கூட்டத்தோடு பேச்சுவார்த்தை நடத்தி, பிடித்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறதே ரோபோ சிட்டி, அந்தக் காட்சி. ‘எங்க தெரு கொசுவுக்கெல்லாம் அவனை அனுப்பி வைங்க மைனி’ என்று ஒரு அண்ணாச்சி சொல்ல, பக்கத்தில் நின்றவர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். மின்சார ரயில் சண்டையைப் பற்றிப் பையன்கள் பேசினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிழவி முதல் கைப்பிள்ளைக்காரி வரைக்கும் வாயில் வந்தது கொசுதான். ரயில் மேல் ஓடுவது பலம். ஒருத்தி சிணுங்கினாள் என்று கொசுவைத் தேடிப் போவது பாசம், அது ஒரு ரோபோவுக்கு வந்துவிட்டதே என்பதுதான் ஜனங்களுக்கு ஆச்சரியம்.

கடவுள் இருக்கிறாரா என்று சபையில் ஒருவர் கேட்கும்போது, என்னைப் படைத்தவர் இதோ நிற்கிறாரே என்கிற பொருளில் சிட்டி தன்னைச் செய்த விஞ்ஞானி வசீகரனைக் காட்டுமே, அதையும் மறக்காமல் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் டீ ஆறிப்போவது தெரியாமல் அதைப் பற்றியே பேசினார். அவர் சுஜாதா கதைகளை ஒன்று விடாமல் படித்தவர். விகடனில் வந்த சுஜாதாவின் தொடர்கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்பு முதல் பாதிச் சிட்டியிடம் இருக்கிறது, இரண்டாம் பாதியில் அதைக் காணோம் என்பது அவர் கட்சி. எந்திரனுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். மனிதர் இருந்து படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது. நானும் அந்தத் தொடரை வாரா வாரம் காத்திருந்து படித்தவள்தானே.

இனி கடைசி அரைமணி நேரத்துக்கு வருகிறேன். உன் வேலைக்கு நெருக்கமான இடம் அதுதான். கெட்ட புத்தி தரும் சிவப்புச் சிப்பு ஏறிய சிட்டி தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்துகொண்டு, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாக, பாம்பாக, ராட்சச மனுசனாக மாறுமே, அதில் ஊரே இரண்டுபட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வெளியே வந்ததும் ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறி அந்த ராட்சசனைச் செய்து பார்ப்பார்கள், நான் கரண்டியை ஓங்கி விரட்டுவேன். பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், ‘அதுல ஆளே இல்லையே மைனி’ என்றார்கள். எத்தனையோ முகம், அத்தனையும் ஒரே முகம், எதற்காகப் பதறுவது என்று அவர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. பிறகு அந்த உருண்டைத் துண்டை மட்டும் வெளிநாட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வாய் பிளந்ததையும் கேலி செய்ததையும் நீதான் எனக்குக் காட்டினாய். கதை தெரியாமல் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் அதே கடைசிப் பகுதியில் இன்னொன்று இருக்கிறது. கூட்டத்துக்குள் வசீகரன் ரோபோ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நுழைந்துவிட்டான் என்று தெரிந்ததும், சிட்டி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே ஆட்டுக்குட்டி மாதிரி ‘ம்மே’ என்று கத்துமே! அதற்கு என்ன கிராபிக்ஸ் வேண்டும் சொல்லு? கழுத்தைச் சாய்த்து, கண்ணை உருட்டி, ஒரு மனுசன் செய்த வேலை. மாதக்கணக்கில் எங்கள் ஊரில் ரேஷன் கடை வரிசையில்கூட எவனாவது ‘ம்மே’ என்பான். உருண்டையை யாரும் நடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை, பிள்ளைகளைத் தவிர.

இதைச் சொல்வதால் உங்கள் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே ஐயா. அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக ஸ்ரீநிவாஸ் மோகனுக்கும், அரங்க அமைப்புக்காக சாபு சிரிலுக்கும் தேசிய விருது கிடைத்தது, தகுந்த விருது. ரோபோ பொம்மைகளை அமெரிக்காவில் லெகசி எஃபெக்ட்ஸ் என்ற கம்பெனிக்காரர்கள் செய்து கொடுத்தார்களாமே. அவர்கள் கைப்பக்குவம் எங்கே தெரிந்தது என்றால், நீதிமன்றம் உத்தரவு போட்டதும் சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் இடத்தில். கையைக் கழற்றும், ஒரு வார்த்தை பேசும். இன்னொன்றைக் கழற்றும், இன்னொருவரைப் பார்த்துப் பேசும். வெடி கிடையாது, புகை கிடையாது. அந்த நேரம் நான் ஹால் கதவோரம் காலி கிளாஸ் பொறுக்க நிற்பேன். விசிலடித்த பையன்கள்கூட அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடிப்பு எங்கே முடிகிறது, பொம்மை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை. வெளியே வந்த ஒரு பாட்டி, ‘அதைப் போயி கழட்டச் சொல்லிட்டானுவளே பாவிப்பயலுவ’ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

2018இல் வந்த இரண்டாம் பாகத்தை, கேன்டீனை விட்ட பிறகு, உன் சித்தியோடு போய்ப் பார்த்தேன். செல்போன்கள் எல்லாம் சேர்ந்து பறவையாகப் பறப்பதை 3டியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நாங்கள் பேசியதோ, செத்து விழுந்த குருவிகளைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்து போன அந்தப் பெரியவர் பட்சிராஜனைப் பற்றித்தான்.

இப்போது முக்கியமான விஷயம். எந்திரனில் தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி ஆட்களைத் தூக்கிக்கொண்டு வரும். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னால், டிவி கேமரா முன்னால் நிறுத்திவிடும். அவள் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போவாள். ரோபோவுக்கு வெட்கம், மானம் தெரியாது என்று காட்ட எழுதிய காட்சி. கதைக்கு அது வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆண்கள் யாரும் அந்தக் காட்சியைப் பற்றி வாய் திறந்து நான் கேட்கவில்லை. பெண்கள் பேசினார்கள், ஆனால் குரலைத் தாழ்த்தி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு பிள்ளை என்னிடம் வந்து, ‘யக்கா, ஒரு துணியைப் போத்தி விட்டிருந்தா அவ இன்னிக்கு இருந்திருப்பால்ல’ என்றாள். நிஜத்தில் நடந்ததைப் போலக் கேட்டாள். தீ விபத்து என்றால் அவர்களுக்குச் சினிமா இல்லையே சரவணா, கூட வேலை பார்த்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

எனக்கு அந்தக் காட்சி இன்றைக்கும் பிடிக்கவில்லை. சிட்டிக்குப் பாடம் கற்பிக்க அந்தப் பெண் சாக வேண்டியிருந்தது. செத்த பிறகு படம் அவளை விட்டுவிட்டு ரோபோவின் பின்னால் போய்விட்டது. அவள் வீட்டில் யார் அழுதார்கள் என்று ஒரு நொடிகூடக் காட்டவில்லை. எத்தனை கோடி செலவு செய்த படத்தில் அந்த ஒரு நொடிக்கா பஞ்சம்?

உன் படத்தில் கட்டடம் இடியும், பாலம் உடையும், ஜனங்கள் சிதறி ஓடுவார்கள் என்றெல்லாம் சொன்னாய். கதையை மாற்றுகிற இடத்தில் நீ இல்லை, நடிகரைக் கட்டித் தூக்கிய கம்பியைப் படத்தில் தெரியாமல் அழித்துப் புகையைச் சேர்க்கிற இடத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓடுகிற கூட்டத்தை கம்ப்யூட்டரில் போடுவது நீங்கள்தானே. ஒரே உருவத்தை நூறாக நகல் எடுத்து நிரப்பாதே. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஒருத்தியை வை. அவள் செருப்பு கழன்று விழட்டும். விழுந்த கிழவரைத் தூக்கிவிட ஒருவன் திரும்பி வரட்டும். உன் மேலாளர் நேரமில்லை என்று சொன்னால் ஒரே ஒரு ஷாட்டிலாவது செய்துவிட்டுக் காட்டு. அவருக்கும் ஒரு அம்மா இருப்பார், அந்த ஷாட்டைப் பார்த்தால் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ராத்திரி கண் விழித்து வேலை செய்வதாகச் சொன்னாய், நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப் பொடியும் கருப்பட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா