எத்தனை ரூம் போடட்டும்?

அன்புள்ள சுமதி,

நீ அனுப்பிய செய்தியை நாலு தடவை படித்துவிட்டேன். "எனக்கும் நிலாவுக்கும் ஒரு ரூம், அவருக்கும் கதிருக்கும் ஒரு ரூம். தள்ளித் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதில் ஒரு வரி போட்டால் நீ ஒரு வரி போடுவாய், அப்புறம் மீட்டிங் என்று போய்விடுவாய். அதனால்தான் மெயில். நிதானமாகப் படி, ஆபீசில் வைத்துப் படிக்காதே.

முதலில் லாட்ஜ் விஷயம். திருக்கடையூரில் சன்னதித் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒன்று பேசியிருக்கிறேன். அப்பாவுக்கு மாடி ஏற முடியாது என்பதால் கீழே ஒரு ரூம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 24 மணி நேரக் கணக்கு, அதுதான் நமக்குச் சரி. பெரிய ஓட்டல்களில் மதியம் 12 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், நாங்கள் செந்தூர் எக்ஸ்பிரஸில் காலையிலேயே மயிலாடுதுறையில் இறங்கிவிடுவோம், அங்கிருந்து வேனில் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அப்புறம் பெட்டியை வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் எங்கே உட்காருவது? உங்களுக்கும் மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறை வருகிற ரயில் இருக்கிறது. நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாயா? இது அப்பாவுடைய பீமரத சாந்தி, 70-க்குச் செய்கிறது, அதனால் கேட்கிறேன். 60-க்குச் செய்தபோது நிலா உன் இடுப்பில் இருந்தாள், அவள் கை கும்பத்தில் பட்டுவிடக் கூடாது என்று மாப்பிள்ளைதான் அவளை வாங்கி வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது ரூம். மொத்தம் 10 பேர். அண்ணன், மதினி, அவர்கள் பையன்கள் இரண்டு பேர், நீங்கள் நாலு பேர், அப்பா, நான். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, "மூணு ரூம் போதும்மா, எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கலாம்" என்கிறான். அவனுக்கு இன்னும் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள் என்ற நினைப்பு. பெரியவனுக்கு 16 வயது, ஆறடி இருக்கிறான், அவன் எந்த எக்ஸ்ட்ரா பெட்டில் காலை நீட்டுவான்? எக்ஸ்ட்ரா பெட் என்று சொல்வார்கள், வருவது தரையில் போட ஒரு மெத்தையும் ஒரு தலையணையும். பல இடங்களில் 5 வயது வரைக்கும்தான் பிள்ளைக்குக் காசு இல்லை, 12 தாண்டிவிட்டால் பெரியவர் கணக்குதான், ஆக நிலாவும் அவர்கள் கணக்கில் பெரிய மனுஷிதான். அப்புறம் படுக்கையை மட்டும் எண்ணினால் போதாது சுமதி, பாத்ரூமை எண்ண வேண்டும். விடியற்காலையிலேயே கோயிலில் இருக்க வேண்டும், அன்றைக்கு நம்மைப் போல எத்தனை தம்பதிகள் வருவார்களோ தெரியாது, ஹோமத்துக்குப் பிந்தினால் இடம் கிடைக்காது. நாலு மணிக்கு எழுந்து எல்லாரும் தலைக்குக் குளிக்க வேண்டும், பெண்கள் பட்டுப்புடவை கட்ட வேண்டும், கலசத் தண்ணீர் ஊற்றிய பிறகு அப்பாவும் நானும் ஈரத்தோடு வந்து மாற்ற வேண்டும். ஒரு பாத்ரூமுக்கு மூன்று பேருக்கு மேல் போனால் சண்டையில்தான் முடியும். மூன்று ரூம் போதவே போதாது, அதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். வாடகைக்கு 5 சதவீதம்தான் வரி, 2025 செப்டம்பருக்கு முன்னால் 12 இருந்தது, அப்பா அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். காசைப் பற்றி நீ யோசிக்காதே, ரூம் எல்லாம் என் பென்ஷனில்.

நிலாவுக்குத் தனியாக வேண்டும் என்று நீ நினைத்தது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அவள் பெரியவளான பிறகு நாம் எல்லாரும் சேர்ந்து போகிற முதல் பயணம் இது. நாள் தள்ளியோ முந்தியோ வந்தால் அவள் பாட்டுக்கு ரூமில் இருக்கட்டும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஊட்டியில் நீங்கள் நாலு பேரும் ஒரே ரூமில் இருந்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. கதிர் கட்டிலில் குதிக்கிறான், நிலா போர்வையைப் போர்த்திக்கொண்டு சிரிக்கிறாள், மாப்பிள்ளையின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இனிமேல் அப்படி முடியாது, 13 வயதுப் பெண்ணுக்கு உடுப்பு மாற்ற ஒரு கதவு வேண்டும், தம்பியே ஆனாலும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரியாதது அந்தத் தள்ளித் தள்ளிதான். பிள்ளைகளோடு போகும்போது பக்கத்துப் பக்கத்தில் கேட்டு வாங்குவார்கள், ஒரே மாடியில் கேட்பார்கள். கதிருக்கு ராத்திரி மூச்சிழைப்பு வந்தால் மாப்பிள்ளைக்கு அந்த மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியுமா? பக்கத்தில் இருந்தால் சுவரைத் தட்டினால் போதும். பக்கத்து ரூமாகவே போடச் சொல்கிறேனே.

இதை மதினியிடம், பெண் வளர்ந்துவிட்டாள், அதனால்தான் இப்படிக் கேட்கிறாள் என்று சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டு தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் பண்ணினாலும் மாப்பிள்ளை ஆபீஸ் போயிருக்கிறார் என்கிறாய். பொங்கலுக்கு வரவில்லை, கதிருக்குப் பரீட்சை என்றாய், பொங்கலுக்கு என்ன பரீட்சை? தீபாவளிக்கு வந்தபோது ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். கல்யாணமான புதிதில் 18-இல் வைத்துப் படுப்பார், அப்பா மச்சுக்குப் போய்ப் போர்வை எடுத்துக்கொண்டு வருவார், நினைவிருக்கிறதா? நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேட்டி எட்டு முழம் எடுக்கவா நாலு முழம் எடுக்கவா என்று போன வாரம் கேட்டேனே, அதற்கும் நீ பதில் போடவில்லை.

சரி. ராத்திரி உட்கார்ந்து ஒரு காகிதத்தில் நானே ரூம் பிரித்தேன். நாலு ரூம். நிலா என்னோடு. கதிரும் அண்ணன் பையன்கள் இரண்டு பேரும் தாத்தாவோடு, நாலு கட்டில் ரூம் ஒன்று இருக்கிறது, ஆம்பிளைப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் குளித்துவிடுவார்கள். அண்ணன், மதினிக்கு ஒன்று. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்று. நிலாவுக்கும் கதவு கிடைத்துவிட்டது, கதிருக்கும் துணை கிடைத்துவிட்டது, இனி நீ என்ன காரணம் சொல்வாய் என்று நினைத்துத்தான் அப்படிப் பிரித்தேன். ஒளிப்பானேன். உங்கள் இரண்டு பேரையும் ஒரு ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் பேசிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

காலையில் அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இப்பவும் நமக்கு வேற வேற ரூம்தானா?" என்று மட்டும் கேட்டார். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேப்பர் வாங்கப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டும்.

1998-இல் திருச்செந்தூர் போனோமே, சித்தப்பா மகனுக்கு மொட்டையும் காது குத்தும். 9 பேருக்கு ஒரு ரூம். உனக்கு அப்போது 13, நிலாவின் வயது. நாழிக்கிணற்றுக்கு வரவில்லை, வயிறு வலிக்கிறது என்று என் காதில் சொன்னாய், நான் யாரிடமும் சொல்லாதே என்று சொன்னேன். ராத்திரி எல்லாரும் ஜமுக்காளத்தில் நெருக்கிப் படுத்தோம். பாத்ரூம் தாழ்ப்பாள் விழாது. இரண்டு மணி இருக்கும், நீ துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாய். விடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தாய். காலையில் உன் கால் முழுக்கக் கொசுக்கடி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குக் காசுதான் பெரிசு, என்னைப் பத்திக் கவலை இல்லை" என்றாய். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் நீ அதைச் சொல்லிக் காட்டுகிறாய், உன் கல்யாணத்தில்கூட, எங்க அப்பா எங்கே போனாலும் ஒரே ரூம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாய். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அப்பா இரண்டு ரூம்தான் கேட்டார் சுமதி. லாட்ஜ் வாசலில் வைத்து என்னிடம், "பிள்ளை பெரியவளாயிட்டா, ரெண்டா எடுத்துருவோம்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். சித்தப்பா காதில் விழுகிற மாதிரி, "கொடுத்ததெல்லாம் பத்தாதா, இருக்கிற காசையும் கரைக்கணுமா" என்றேன். சித்தப்பா கடைக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடன் நம் தலையில் விழுந்து, என் நகை 12 பவுனும் போன சமயம் அது. அப்போது இரண்டு வருஷமாக நான் அப்பாவோடு பேசுவதில்லை. சோறு போட்டிருக்கிறது, கரண்ட் பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் உன் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டேன். சுமதி இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். நீ இருட்டுக்குப் பயந்ததே இல்லை.

இரண்டு ரூம் எடுத்தால் ஒன்றில் அவரோடு நான் இருக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயம். 9 பேர் நடுவில் படுத்தால் யாரோடும் பேச வேண்டாம். நீ எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். தூங்கவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது, உன் முதுகு தெரிந்தது. எழுந்து வந்தால் அப்பாவை எழுப்ப வேண்டும், கீழே போய் இன்னொரு ரூம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வாக்கியம் பேச எனக்கு மனசு வரவில்லை. அதற்காக உன்னைப் படியில் உட்கார வைத்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நீ அப்பாவைச் சொல்லும்போதெல்லாம் பேசாமல் இருந்தேன், அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அபிராமி சன்னதியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் தாலி கட்டிக்கொள்ளப் போகிறேன். அதற்குள் உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவிடம் இனி அந்த வார்த்தையைச் சொல்லாதே.

எங்களுக்கு எப்போது சரியானது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் ஹாஸ்டலுக்குப் போனான், நீ எனக்குத் தனி ரூம் வேண்டும் என்று அடம்பிடித்து என்னை வெளியே அனுப்பினாய், வேறு போக்கில்லாமல் அவர் இருந்த ரூமுக்குப் போனேன். இரண்டு வருஷம் போடாத சண்டையை ஒரு மாதத்தில் போட்டோம். 12 பவுன், சித்தப்பா, அவர் அம்மா, என் அம்மா எல்லாம் வந்தது. எங்களுக்கு அப்படி நடந்தது. உன் வீட்டில் என்னவென்று எனக்குத் தெரியாது, அது வேறாக இருக்கலாம், நான் நினைக்கிறதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். நீ கதிருக்கும் நிலாவுக்கும் ரூம் பிரித்து எழுதியிருந்ததைப் பார்த்ததும், நான் இருட்டுக்குப் பயம் என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. தப்பாக நினைத்திருந்தால் தப்பு என்று எழுது, சந்தோஷப்படுவேன்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஐந்து ரூம் சொல்லியிருக்கிறேன். கீழே அப்பாவும் நானும். அண்ணனுக்கும் மதினிக்கும் ஒன்று. பையன்கள் இரண்டு பேருக்கும் மூன்று கட்டில் போட்டது ஒன்று, கதிருக்கு அங்கே போக ஆசை வந்தால் போகட்டும். மிச்சம் இரண்டும் உங்களுக்கு, நீ கேட்டபடியே, ஒன்று முதல் மாடி, ஒன்று இரண்டாவது மாடி. மாற்ற வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், அன்றைக்கு அட்வான்ஸ் கட்டுகிறேன். மாப்பிள்ளை வரவில்லை என்றாலும் சொல், அப்பாவிடமும் அண்ணனிடமும் நான் பேசிக்கொள்கிறேன், உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எல்லாருடைய ஆதார் நகலும் கேட்கிறார்கள், அதை எடுத்துவை. மறுநாள் தரங்கம்பாடி போகலாம், பக்கம்தான், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலோரத்திலேயே நிற்கிறது, கதிர் போனில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

நிலாவின் இடுப்பளவும் உயரமும் அனுப்பு, பாவாடைத் துணி எடுத்துவிட்டேன், அரக்குக் கலர். முதல் மாடி ரூமில் பாத்ரூம் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டேன், எல்லாம் நன்றாக இருக்கும்மா என்றார். போனவுடன் நானே மேலே ஏறி வந்து போட்டுப் பார்ப்பேன்.

அம்மா