தாழமுக்க அறிவிப்போடு படகுகள் கரையேற வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியுள்ளதாக வானொலி சொல்லும்போதெல்லாம், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "தாழமுக்கந்தானே, புயலானால் பார்ப்போம்." அப்படிப் பார்த்திருக்க அவகாசம் கிடைக்காமலும் போகலாம் என்பதற்கு மெக்சிக்கோவின் பசுபிக் கரையிலுள்ள அகாபுல்கோ நகரத்துக்கு 2023 ஒக்டோபரில் நேர்ந்ததே சான்று.

மலைகள் சூழ்ந்த குடாவின் ஓரமாக உயர்ந்த ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் அகாபுல்கோ, உல்லாசப் பயணிகளின் வருகையால் வாழும் நகரம். ஒக்டோபர் 24ஆம் திகதி காலையில் 'ஓட்டிஸ்' அந்தக் கரைக்கு அப்பால் கடலில் ஒரு வெப்பமண்டலப் புயலாகவே இருந்தது. வழமைக்கு மேல் சூடேறியிருந்த கடல் அதற்கு வலுவூட்ட, அன்றிரவு நள்ளிரவு கடந்து கரையைத் தொட்டபோது அது மணிக்கு 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசும், மிக உயர்ந்த தரமான 5ஆம் தரச் சூறாவளியாகியிருந்தது. ஒரு பகலுக்குள் நிகழ்ந்த இந்த மாற்றத்தை வானிலைக் கணிப்புகள் முன்கூட்டிச் சொல்லத் தவறின. பெரும்பாலான ஹோட்டல்கள் சேதமடைந்தன, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இறந்தவர்களிலும் காணாமற்போனவர்களிலும் பலர், குடாவில் நங்கூரமிட்டிருந்த படகுகளைக் காப்பதற்காக அவற்றிலேயே தங்கியிருந்த படகோட்டிகளும் பணியாளர்களும் என்று வாசித்த இடத்தில் என்னால் மேலே செல்ல முடியவில்லை. எங்கள் கரையிலும் அதுதானே நடக்கிறது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் நெருங்கியபோது, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பாதுகாப்புக்காகப் பாடசாலைக்குச் சென்ற பின்னரும் என் அண்ணர் கடற்கரைக் குடிசையான வாடியை விட்டு வர மறுத்தார். இருட்டில், மழையில், இன்னொருவரோடு சேர்ந்து இயந்திரத்தைக் கழற்றிச் சுமந்து வந்து வைத்துவிட்டு, வலைக்காக மறுபடியும் கடற்கரைக்குப் போனார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004இல் ஆழிப்பேரலையும் 2009இல் போரும் படகையும் வலையையும் பறித்துச் சென்ற கரை இது. மூன்றாம் முறை கடன்பட்டு வாங்கியதை, கடன் தீராத நிலையில், எந்த மனிதன் விட்டுவிட்டு வருவான்?

அன்று புரெவி திருகோணமலைக்கு வடக்கே, பயந்த அளவுக்கு வலுவின்றிக் கரை கடந்தது. அதனாலேயே "போனமுறை ஒன்றும் நடக்கவில்லையே" என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. ஒரு நாள் தொழில் வீணாகும் என்ற கவலை நியாயமானதே, ஆனால் இழந்த நாளை மறுநாள் கடலுக்குப் போய் ஈடுசெய்யலாம்.

ஆகவே மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவையும், பிரதேச செயலகங்களையும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் நான் கேட்பது இதுதான். தாழமுக்கம் எங்கள் கரையை நோக்கி நகரக்கூடும் என்று அறிவிக்கப்படும் அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே, படகுகளை மேட்டு நிலத்துக்கு இழுக்க உழவு இயந்திரங்களை ஒழுங்குசெய்து அதன் எரிபொருட் செலவைப் பொதுப்பணத்தில் கொடுக்க வேண்டும். இயந்திரங்களையும் வலைகளையும் பூட்டி வைக்கச் சங்கக் கட்டடமோ பாடசாலை அறையோ திறக்கப்பட்டு, இரவில் அங்கே காவல் இருக்க வேண்டும். பொருள் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கடற்றொழிலாளி தன் குடும்பத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவான். தொலைபேசி செயலிழந்தாலும் செய்தி போய்ச் சேரும்படி, கோயில்களிலும் தேவாலயங்களிலும் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு மின்கலங்கள் தயாராக இருப்பதும் அவசியம்.

சிலாவத்தை முதல் கொக்கிளாய் வரை எந்தெந்த இடத்தில் படகுகளை ஏற்றி வைக்கலாம் என்பது சங்கங்களுக்குத் தெரியும். அந்த இடங்களைக் குறித்து, உழவு இயந்திரச் சொந்தக்காரர்களோடு பேசி முடிக்கும் வேலையை அடுத்த மாரிக்கு முன்னர் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடற்றொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்,
சிலாவத்தை, முல்லைத்தீவு.