சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து வீட்டு ஓனர்களுக்கு, வாடகைக்கு இருக்கற ஒருத்தி எழுதறது

ஓனர் அய்யாக்களுக்கும் ஓனரம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் கல்யாணமாகி வேலூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் நாலு வீடு மாறியாச்சு, கொசப்பேட்டைல ஒண்ணு, சத்துவாச்சாரில ரெண்டு, இப்ப காட்பாடி காந்தி நகர் தாண்டி ஒண்ணு. வீட்டுக்காரர் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனிக்கு போறாரு, நான் வீட்லயே பிளவுஸ் தைக்கறேன். உங்கள திட்டறதுக்காக இத எழுதல. உங்க மாடிலயும் பின்போர்ஷன்லயும்தான் என் ரெண்டு புள்ளைங்களும் வளந்துச்சு, சின்னவளுக்கு ஜுரம் வந்த ராத்திரி ஆட்டோ புடிச்சு கூடவே சி.எம்.சி. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது ஒரு ஓனரம்மாதான், அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அட்வான்ஸ் விஷயத்துல மட்டும் எங்களுக்கு நடக்கறது நியாயமே இல்லீங்க.

போன வீட்ட காலி பண்ண அன்னிக்கு நடந்தத சொல்றேன். வாடகை 6,500, அட்வான்ஸ் 65,000, அதாவது பத்து மாச வாடகை. குடி போறப்ப கையில எண்ணி குடுத்தோம், ஓனர் அவரோட டைரில கடைசி பக்கத்துல குறிச்சிக்கிட்டாரு, எங்களுக்கு ஒரு துண்டு சீட்டு கூட கிடையாது, நாங்களும் கேக்கல, பெரியவரு கிட்ட போய் எப்படி கேக்கறதுன்னு ஒரு கூச்சம். நாலு வருஷம் கழிச்சு சாவி குடுக்கறப்ப அவரு டார்ச் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சுவரா அடிச்சு பாத்தாரு, காலண்டர் மாட்டின ஆணி, கண்ணாடி மாட்டின ஆணி, சாமி படத்துக்கு அடிச்ச ஆணி, எல்லாத்தையும் விரல் வச்சு எண்ணாரு, பதினாலு. "இன்னாம்மா இது, சுவரு பூரா பொத்தலா கீது"ன்னாரு. அதுல நாலஞ்சு ஆணி எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க அடிச்சது, ஆனா எத வச்சு நிரூபிக்கறது? பெயிண்டிங்குக்கு, பைப்புக்கு, ஆணி ஓட்டைக்குன்னு 27,000 புடிச்சிட்டு மீதி 38,000, அதையும் மூணு தவணையா அஞ்சு மாசம் இழுத்துதான் குடுத்தாரு. அந்த அஞ்சு மாசமும் புது வீட்டு அட்வான்ஸுக்கு வாங்கின கடனுக்கு வட்டி கட்டினது நாங்க.

உங்க தரப்பும் எனக்கு தெரியும். வாடகை ரெண்டு மூணு மாசம் நிறுத்திட்டு ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணி போனவங்க இருக்காங்க, ரிட்டையர்மெண்ட் பணத்துல கட்டின வீட்டுக்கு அந்த வாடகைதான் மாத்திரை செலவுன்னு இருக்கற பெரியவங்க இருக்காங்க. அந்த பயத்துக்குத்தான சட்டமே வந்திருக்கு. தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுபடி வாடகைக்கு விடறதுன்னா எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு வாடகை அதிகாரி கிட்ட பதியணும், அதுக்கு ஆன்லைன் வசதியும் இருக்கு. அக்ரிமெண்ட்ல வேற விதமா ஒத்துக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாது, காலி பண்ணா கழிக்க வேண்டியத கழிச்சிட்டு ஒரு மாசத்துக்குள்ள திருப்பணும். சண்டைன்னு தண்ணி, கரண்ட்ட நிறுத்தறதும் கூடாது. இதே சட்டம்தான் வாடகை கட்டாதவங்கள காலி பண்ண வைக்க உங்களுக்கும் வழி குடுக்குது. பேப்பர் இருந்தா ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு, இல்லன்னா ரெண்டு பேருக்கும் வாய்ச் சண்டைதான்.

வீடு கிடைக்கறதே இப்ப பெரும்பாடு. ஆஸ்பத்திரிய சுத்தி தோட்டப்பாளையம், பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டை பக்கமெல்லாம் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட்னு வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு ரூம் விட்டா வருமானம் அதிகம், காலேஜ் பக்கம் தலைக்கு இவ்வளவுன்னு பசங்களுக்கு விட்டா வருமானம் அதிகம். அவங்களுக்கும் தங்க இடம் வேணும், வலியோட அவ்வளவு தூரம் வர்றவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அதே ரேட்ட காட்டி எங்கள மாதிரி குடும்பத்த பாகாயம் தாண்டி, அரியூர், சேவூர்னு தள்ளிக்கிட்டே போனா, ஸ்கூலுக்கும் வேலைக்கும் பஸ்ஸுக்கு குடுக்கறதுலயே மிச்சம் புடிச்ச வாடகை கரைஞ்சு போகுது.

கரண்ட் பில்ல பத்தியும் ஒண்ணு. மூணு குடித்தனத்துக்கு ஒரே சர்வீஸ், உள்ள சப் மீட்டர், முதல் யூனிட்டுல இருந்தே யூனிட்டுக்கு 9 ரூபா. அரசாங்கம் இலவசமா குடுக்கற யூனிட் எங்க வீட்டுக்குள்ள வரவே இல்ல. எல்லாருதும் ஒரே மீட்டர்ல ஓடறதால உங்களுக்கு ஸ்லாப் ஏறி யூனிட் ரேட்டு கூடுதுன்னு எனக்கு புரியுது, அதுக்குத்தான் போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்கி குடுங்கன்னு கேக்கறேன். கத்திரி வெயில்ல தளத்து சூடு இறங்கற மேல்மாடில புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஃபேன எத்தன மணிக்கு நிறுத்தலாம்னு கணக்கு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சொந்தமா ஒரு இடம் வாங்கிட்டு போயிடலாமேன்னு சில பேரு சொல்றீங்க. பாத்தோம்ங்க. திருவலம் ரோட்டு பக்கம் ஒரு மனைப்பிரிவு, வேன் வச்சு கூட்டிட்டு போய் சாப்பாடெல்லாம் போட்டாங்க. கல்லு நட்டு கலர் அடிச்சு அழகா இருந்துச்சு, மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி.ங்கற நகர ஊரமைப்பு ஆபீஸ் அப்ரூவல் இருக்கா, ரியல் எஸ்டேட் ஆணையத்துல பதிஞ்ச ரெரா நம்பர் என்னன்னு கேட்டா பஞ்சாயத்து அப்ரூவல்ங்கறாங்க, மூலப்பத்திரம் கேட்டா அட்வான்ஸ் போடுங்க காட்டறோம்ங்கறாங்க. அங்க ஆடு மேய்ச்சிட்டு இருந்த தாத்தாதான் சொன்னாரு, 2021ல பொன்னையாறு பெருக்கெடுத்து திருவலம் கிட்ட ரயில் பாலம் பழுதாகி ட்ரெயினெல்லாம் நின்னுச்சே, அந்த மழைக்கு இந்த மனையில இடுப்பளவு தண்ணி நின்னுச்சும்மான்னு. அதோட விட்டுட்டோம். சரியான மனை பாத்தாலும் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேத்து 9 சதவீதம், பொம்பளைங்க பேர்ல 10 லட்சம் வரைக்கும் பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையுதுன்னு 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு சலுகை இருக்கு, என் பேர்ல வாங்கணும்னு அதுக்காகத்தான் சீட்டு கட்டறேன்.

அந்த சீட்டுப் பணம்தான் உங்க கிட்ட அட்வான்ஸா மாட்டிக்கிட்டு இருக்கு. வட்டியில்லாம வருஷக்கணக்கா, எழுத்தில்லாம. எங்க ஊர் ஆளுங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் காட்பாடில ரயிலேறி வேலைக்கு போய்ட்டு வர்றதே இங்க வாடகை கொஞ்சம் குறைச்சல்னுதான், பத்து மாச அட்வான்ஸ் கேட்டா அந்த குறைச்சல்ல என்ன மிச்சம்?

அட்வான்ஸ மூணு மாசத்தோட நிறுத்திக்கோங்க. குடி வர்ற அன்னிக்கு சுவரு, பைப்பு, சுவிட்சுன்னு ரெண்டு பேரும் சேந்து பாத்து எழுதி, செல்லுல போட்டோ புடிச்சு வச்சிக்கலாம், நாள பின்ன ஆணி எண்ணற வேலை இருக்காது. எங்க இப்போதைய ஓனரம்மாவும் இத படிப்பாங்கன்னு தெரியும். அம்மா, வர்ற 5ஆம் தேதி வாடகையோட வரேன், 40 பக்க நோட்டு ஒண்ணு கொண்டு வரேன், நாங்க குடுத்த அட்வான்ஸயும் அதுலயே முதல் வரில எழுதி ஒரு கையெழுத்து போட்டு குடுங்க.