எகிப்தின் கிராமங்களிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் உலக நாடுகளையும் அவற்றின் புகழ்பெற்ற மனிதர்களையும் அறிமுகம் செய்யும் பகுதியை எங்கள் ஊர் வாசிகசாலையில் தவறாது வாசித்து வருகிறேன். அண்மையில் எகிப்தைப் பற்றி வந்த குறிப்பில் கமால் அப்துல் நாசர், அன்வர் சதாத், ஹொஸ்னி முபாரக், ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த பூத்ரஸ் பூத்ரஸ் காலி ஆகியோரின் பெயர்களும் அவர்கள் வகித்த பதவிகளும் இடம்பெற்றிருந்தன. தகவலில் பிழை எதுவும் இல்லை. சுயெஸ் கால்வாயை 1956 இல் நாட்டுடைமையாக்கிய நாசரை விட்டுவிட்டு நவீன எகிப்தைப் பற்றி எவரும் எழுத முடியாது. ஆயினும், ஒரு நாட்டின் செல்வாக்கு மிக்க மனிதர்கள் என்றால் ஆட்சிக் கதிரையில் அமர்ந்தவர்கள் மட்டுமே என்ற எண்ணம் அக்குறிப்பை வாசிக்கும் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடக்கூடாது என்ற கவலையினாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வன்னிப் பிள்ளைகளுக்கு அரபு நாடு என்பது தொலைவில் உள்ள பெயர் அன்று. மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் தருமபுரத்திலும் தாயோ சித்தியோ குவைத்திலோ சவூதியிலோ வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரபு நாடு என்றால் முகவர் நிலையமும், வங்கிக்கு வரும் பணமும், வெள்ளிக்கிழமை இரவில் வரும் தொலைபேசி அழைப்பும்தான். தொலைக்காட்சியில் காண்பது எண்ணெய்க் கிணறுகளையும் போரையும். அங்கும் கல்விக்காகப் போராடிய ஆசிரியைகள் இருந்தார்கள், கண் பார்வையற்ற பேராசிரியர் ஒருவர் கல்வி அமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டார், குடிபெயர்க்கப்பட்ட மக்களுக்கு எப்படி வீடு கட்டுவது என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தார் என்பதை அப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூகக்கல்வியும் வரலாறும் கற்பித்தவள் என்ற உரிமையில், எகிப்தின் கிராமங்களிலிருந்து புறப்பட்ட சிலரைப் பற்றித் தங்கள் பக்கத்தில் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் எழுத வேண்டியவர் இந்த இலங்கை மண்ணில் 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அஹமத் உராபி பாஷா. நைல் கழிமுகத்தின் கிழக்கே ஷர்கியா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 1841 இல் பிறந்து, படையில் சேர்ந்து, உயர் பதவிகள் துருக்கிய வம்சாவழியினருக்கே என்றிருந்த காலத்தில் அதை எதிர்த்து நின்றவர். எகிப்து எகிப்தியருக்கே என்ற குரல் அவரது இயக்கத்தின் குரல். 1882 செப்டம்பரில் தெல் அல் கபீர் என்ற இடத்தில் பிரித்தானியப் படையிடம் தோற்றபின் அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் அவரும் தோழர் அறுவரும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அந்த அறுவரில் ஒருவர், நவீன அரபுக் கவிதையின் முன்னோடி எனப் போற்றப்படும் மஹ்மூத் சாமி அல் பாரூதி. எகிப்தின் பிரதமராகவும் இருந்தவர். ஊரையும் உறவையும் பிரிந்த துயரை அவர் சரந்தீபிலிருந்து, அதாவது அரபியர் அப்பெயரால் அழைத்த இலங்கையிலிருந்து, கவிதைகளாக எழுதினார். பார்வை மங்கிய நிலையிலேயே நாடு திரும்பினார். இடப்பெயர்வை அறிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இவர்களது கதையை விளங்கப்படுத்த அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

உராபி பாஷா இங்கு முடங்கிக் கிடக்கவில்லை. 1892 இல் கொழும்பில் சாஹிராக் கல்லூரி தொடங்கப்படுவதற்கு, அறிஞர் சித்திலெப்பையோடும் வாப்பிச்சி மரைக்காரோடும் சேர்ந்து ஊக்கம் கொடுத்தவர் அவர். அந்தச் சித்திலெப்பைதான் 1885 இல் வெளிவந்த, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அசன்பேயுடைய கதை'யை எழுதியவர். அக்கதையின் நாயகன் பிறந்த ஊர் கெய்ரோ. ஈழத்துத் தமிழ் நாவல் எகிப்தில் பிறந்த ஒருவனின் கதையோடு தொடங்கியது என்பதைத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள்கூட வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

அதே ஷர்கியா மாகாணத்தில், ஸகாஸிக் நகரை அண்டிய கிராமத்தில் 1886 இல் பிறந்தவர் நபவிய்யா மூஸா. பெண்களுக்கு இடைநிலைப் பாடசாலையே இல்லாத காலத்தில், வீட்டிலிருந்து தானாகப் படித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றி, 1907 இல் இடைநிலைச் சான்றிதழைப் பெற்ற முதல் எகிப்தியப் பெண் அவர். அவர் அப்பரீட்சைக்கு இருந்ததற்குக் காரணம் மிகத் தெளிவானது: உடன் கற்பித்த ஆண் ஆசிரியர்களுக்குத் தம்மைவிட ஏறத்தாழ இரு மடங்கு சம்பளம் கொடுக்கப்பட்டது; கேட்டபோது சான்றிதழ் வித்தியாசம் என்றார்கள்; ஆகவே அந்தச் சான்றிதழைப் பெற்றுக் காட்டினார். பின்னாளில் தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் இருந்து பெண் கல்விக்காக அமைச்சோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். இடப்பெயர்வினால் பாடசாலையை விட்டுப் பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதிய பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்க வேண்டிய வாழ்க்கை இது.

தாஹா ஹுசைனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள். மேல் எகிப்தின் மின்யா மாகாணக் கிராமம் ஒன்றில் 1889 இல், பதின்மூன்று பிள்ளைகளில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். ஏறத்தாழ மூன்று வயதில் கண்ணோய் வந்தது. வைத்தியர் இல்லாத ஊரில் முடிதிருத்துபவர் செய்த வைத்தியத்தோடு பார்வை முற்றாகப் போயிற்று. கிராமத்து மார்க்கப் பள்ளியில் குர்ஆனை மனனம் செய்த அந்தச் சிறுவன், 1902 இல் கெய்ரோவின் பழைமையான இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹருக்குப் போனான். அங்கிருந்த மனப்பாட முறை அவனுக்குப் பிடிக்கவில்லை. 1908 இல் புதிதாகத் திறக்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தன்னைப் போலவே பார்வையற்ற பழங்காலக் கவிஞர் அல் மஅர்ரியைப் பற்றி எழுதிய ஆய்வுக்காக 1914 இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றான். பின்னர் பிரான்சுக்குச் சென்று வரலாற்று அறிஞர் இப்னு கல்தூனைப் பற்றி இரண்டாவது கலாநிதிப் பட்ட ஆய்வையும் முடித்தார். அங்கே அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டிய சூசான் என்ற பெண்ணே அவருடைய மனைவியானார்.

அவரது வாழ்க்கை இலகுவானதாக இருக்கவில்லை. 1926 இல் பண்டைய அரபுக் கவிதைகளின் காலத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் பெரும் புயலைக் கிளப்பி, நூல் திரும்பப் பெறப்பட்டது. 1932 இல் கலைப்பீடாதிபதிப் பதவியிலிருந்து அரசாங்கம் அவரை அகற்றியது. ஆனால் 1950 இல் கல்வி அமைச்சரானபோது, கல்வி தண்ணீரையும் காற்றையும் போல எல்லோருக்கும் உரியது என்று தாம் நெடுங்காலம் சொல்லி வந்ததைச் செயலாக்கி, இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். இலங்கையில் அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். ஐந்து ஆண்டுகளின் பின் எகிப்தில் அதே வழியில் ஒரு பெரும் அடியை எடுத்து வைத்தவர் பார்வையற்ற ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதால் எவருக்கும் குறைவு வராது.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று போரின் இறுதி மாதங்களில் எறிகணைச் சிதறலால் இரு கண்களையும் இழந்தது. இப்போது கைத்தொலைபேசி வாசித்துக் காட்டும் குரலைக் காதருகே வைத்துக்கொண்டு, அதன் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத விரைவில் பாடங்களைக் கேட்டுப் படிக்கிறது. பரீட்சைக்கு விடை எழுதித் தரும் உதவியாளர் ஒருவரைத் தேடி அப்பிள்ளையின் தாய் அலைந்ததை நான் அறிவேன். பார்வையிழந்தவர்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்கூடும் கொடுத்தால் போதும் என்று எண்ணும் நல்லெண்ணக்காரர்கள் தாஹா ஹுசைனின் வாழ்க்கையை ஒருமுறை வாசிப்பார்களாக இருந்தால், அடுத்த முறை பாடப்புத்தகங்களின் ஒலிப்பதிவையும் கேட்டு வருவார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தவர் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி. 1900 இல் அலெக்சாந்திரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்; ஆகவே கிராமத்திலிருந்து வந்தவர் என்று சொல்ல முடியாது. கிராமத்துக்குச் சென்றவர். லக்ஸர் நகருக்கு எதிரே, பண்டைய அரசர்களின் காலத்துக் கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா மக்கள் ஏறத்தாழ 7,000 பேரை வேறிடத்தில் குடியேற்ற எகிப்திய அரசு 1940களின் நடுப்பகுதியில் முடிவு செய்து, புதுக் கிராமத்தை அமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. மரமும் இரும்பும் சீமெந்தும் ஏழை விவசாயிக்கு எட்டாதவை என்பதைக் கண்ட அவர், அஸ்வான் பகுதி நூபியர்கள் மரச் சட்டம் எதுவும் தாங்காமல் மண்கல்லாலேயே வளைகூரை கட்டுவதைப் பார்த்து, அந்த மேசன்மாரையே அழைத்து வந்தார். வைக்கோல் கலந்து வெயிலில் உலர்த்திய மண்கல், வெப்பத்தை உள்ளே விடாத தடித்த சுவர், காற்றை உள்ளிழுக்கும் அமைப்பு, நடுவே முற்றம். நூறு குடும்பங்களுக்கு ஒரே வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கொடுப்பதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் வாழ்க்கைக்கேற்ற வீடு வேண்டும் என்று வாதாடினார்.

ஆனால் அந்தக் கிராமம் முழுமை பெறவில்லை. குர்னா மக்களில் பெரும்பாலோர் பழைய இடத்தை விட்டு வர மறுத்தார்கள். கல்லறைகளைச் சார்ந்தே அவர்களது பிழைப்பு இருந்தது, இடம்பெயரும் முடிவை அவர்கள் எடுக்கவும் இல்லை. அதிகாரிகளின் இழுத்தடிப்பும் சேர்ந்துகொள்ள, வேலை பாதியில் நின்றது. ஃபத்ஹி இத்தோல்வியை மறைக்காமல் நூலாக எழுதினார். அந்நூலே அவரை உலகறியச் செய்தது. வீட்டின் அழகை எவ்வளவு சிந்தித்தாலும், குடியிருப்பவரின் சம்மதமும் தொழிலும் முதலில் கேட்கப்பட வேண்டும் என்பதை அவரது வாழ்க்கையே காட்டுகிறது.

மீள்குடியேற்றத்தின் பின் எத்தனை வீட்டுத்திட்டங்களை வன்னி பார்த்துவிட்டது. இரும்பாலான பொருத்து வீடுகள் வேண்டாம், கல்வீடு தாருங்கள் என்று எங்கள் மக்கள் கேட்டதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்வீடு கிடைத்த இடங்களிலும், குசினியின் வாசல் சோழகக் காற்றுக்கு நேரே இருப்பதால் அடுப்புப் புகை முழுவதும் படுக்கையறைக்குள் போக, வீட்டுக்காரர் பின்வளவில் கிடுகுக் கொட்டில் போட்டுச் சமைப்பதையும், குசினியில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருப்பதையும் இன்றும் காணலாம். வரைபடம் கீறியவர் அந்த வளவில் ஒரு பின்னேரம் நின்றிருந்தால் வாசலைத் திருப்பியிருப்பார். மழையே அரிதான மேல் எகிப்தின் மண் வளைகூரையை, மாரி மூன்று மாதம் ஊற்றும் வன்னியில் அப்படியே கட்டலாம் என்று நான் சொல்லவில்லை, கட்டினால் கரைந்துவிடும். ஆனால் மண்சுவரும் குந்தும் கிடுகும் எங்கள் முன்னோருக்குத் தெரிந்த தொழில்நுட்பம். அதை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி வெட்கப்படும் இளந்தலைமுறைக்கு, உலகம் போற்றும் கட்டடக் கலைஞர் ஒருவர் மண்ணைத் தெரிவு செய்தார் என்ற செய்தி மிகவும் வேண்டியது.

இதயச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்தி யாகூபையும் விட்டுவிட வேண்டாம். ஷர்கியாவின் பில்பைஸ் ஊரில் 1935 இல் கொப்திக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் இதயநோயால் இறந்த தம் அத்தையை நினைத்து அத்துறையைத் தேர்ந்தவர். பிரித்தானியாவில் இதய மாற்றுச் சிகிச்சையில் பெரும் புகழ் பெற்றபின், 2009 இல் தம் நாட்டில் இதய நிலையம் ஒன்றை நிறுவினார். அதைத் தலைநகரில் வைக்காமல் தென்கோடியிலுள்ள அஸ்வானில் வைத்தார். அங்கே சிகிச்சை இலவசம். பிள்ளையின் இதயத்துக்காக விடிய முன் பேருந்தேறிக் கொழும்புக்குப் போய் வரும் எங்கள் தாய்மாருக்கு அந்தத் தெரிவின் அருமை விளங்கும்.

அரபு மொழிக்கு முதல் இலக்கிய நோபல் பரிசை 1988 இல் பெற்றுக்கொடுத்த நகீப் மஹ்ஃபூஸ், வேதியியலுக்காக 1999 இல் நோபல் பெற்ற அஹமத் ஸவைல், கிராமத்து இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து அரபுலகம் முழுவதையும் வானொலிப் பெட்டியின் முன் அமரவைத்த உம்மு குல்தூம் ஆகியோரும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி வேறு இடங்களில் ஓரளவு வாசிக்கக் கிடைக்கிறது என்பதால் இங்கே நீட்டவில்லை.

என் வேண்டுகோள் இரண்டு. மாணவர் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு மனிதர் என்ற அளவில், பிறந்த ஊர், பட்ட இடர், செய்த வேலை, அதில் அடைந்த தோல்வி ஆகியவற்றோடு இவர்களின் வாழ்க்கையை எழுதுங்கள். பதவியும் ஆண்டும் மட்டும் கொண்ட பட்டியல் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். மற்றையது, கண்டியில் உராபி பாஷா வாழ்ந்த வீடு இன்று அவரது நினைவைக் காக்கும் நிலையமாக உள்ளது. வன்னிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா பேருந்துகள் தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் போய்த் திரும்புகின்றன. அந்த வீட்டையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க வேண்டும். தொடரை எழுதத் தொடங்குவதாயின், அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் நபவிய்யா மூஸாவிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மல்லாவி.